திண்ணையில் யார் உட்காரலாம்?

சூழலுக்கு இசைந்த கட்டடக்கலையை முதுகலையில் படித்தேன். இப்போது அதில்தான் ஆய்வும் செய்கிறேன். முற்றம் வெக்கையை மேலே அனுப்பும், தடித்த மண்சுவர் பகல் வெயிலை மெல்லத்தான் உள்ளே விடும். மதுரைச் சமவெளிக்கு ஏற்ற மரபறிவு என்று வகுப்பில் வியந்தோம். அறிவியல் சரிதான். ஆனால் அந்தத் திண்ணையில் யார் உட்காரலாம் என்று எந்தத் தேர்விலும் கேட்கவில்லை. களப்பயணம் போன கிராமத்தில் ஊரை அளந்தோம். சேரிக்குள் டேப்பை எடுத்துப் போகவே இல்லை.

இதே மாவட்டத்தில்தான் உத்தப்புரம் இருக்கிறது. 1989இல் தலித் மக்களை ஒதுக்கச் சாதி இந்துக்கள் எழுப்பிய சுவர் சுமார் 600 மீட்டர் நீளம். தொடர் போராட்டத்துக்குப் பிறகு, 2008 மே 6 அன்றுதான் அரசு அதில் ஒரு பகுதியை இடித்தது. உள்ளூர்க் கட்டுமானம் என்றால் அதுவும் உள்ளூர்க் கட்டுமானம்தானே? பாடத்தில் ஏன் இல்லை?

கூரை வீடு குளிர்ச்சி என்கிறார்கள். 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேரை உள்ளே வைத்து எரித்ததும் ஒரு கூரை வீட்டில்தான். சேரிப் பிள்ளைகள் கான்கிரீட் வீடு கேட்பது சூழல் பற்றிய அறியாமை அல்ல; தீப்பிடிக்காத கூரை வேண்டும் என்கிறார்கள். கான்கிரீட்டுக்குள் வேகாமலும் தீக்குப் பயப்படாமலும் வாழ ஒரு வீட்டை வடிவமைப்பதுதான் நம் வேலை. அதைச் செய்யாமல் மரபின் பெருமை பேசுவது சாதியின் பெருமை பேசுவதுதான்.

அடுத்த களப்பயணத்தை உத்தப்புரத்திலிருந்து தொடங்குவோம். ஊரின் வெப்பநிலையை அளக்கும் அதே கருவியால் சேரியையும் அளப்போம்.