ஊர்க்குருவிதானே என்கிறோம்



ஹவாயின் கவாய்த் தீவில் வாழ்ந்த 'ஓஓ' என்ற பறவையின் பாட்டை நம்மில் பலர் பகிர்ந்திருந்தோம். எஞ்சிய ஒற்றை ஆண், இல்லாத பெட்டையைக் கூப்பிட்டுப் பாடுகிறது. 1987க்குப் பிறகு அந்தக் குரலை யாரும் கேட்கவில்லை. அது அழிந்துவிட்டதென்று 2023இல் அமெரிக்க அரசும் அறிவித்தது. நாமும் அழுமுகம் போட்டோம்.

அதே வாரம் நம் பகுதிப் பள்ளிவாசல் ஒன்றில் நோன்புக்கு முன் பெயின்ட் அடிக்க வேண்டுமென்று குருவிக் கூடுகளைப் பிடுங்கி எறிந்தார்கள். உள்ளே இறகு முளைக்காத குஞ்சுகள். பார்த்துக்கொண்டு நின்றவர்களில் நாமும்தான்.

"ஊர்க்குருவிதானே, ஆயிரம் கிடக்கு" என்கிறோம். ஓஓவும் ஒருகாலத்தில் அந்தத் தீவுக் காட்டில் சாதாரணப் பறவைதான். காடு சுருங்கியது. கப்பலில் வந்த எலி கூட்டில் புகுந்தது. வெளியிலிருந்து வந்த நுளம்பு பறவை மலேரியாவைப் பரப்பியது. மிச்சமிருந்த கொஞ்சத்தின் மேல் 1982இல் பெரும் புயலும் அடித்தது. ஒரே நாளில் அழியவில்லை. ஒவ்வொரு நாளும் "இன்னும் இருக்குதானே" என்ற நிலையில்தான் அழிந்தது.

கிண்ணியா, மூதூர் கடைவாசல்களில் குருவி இன்னும் சிந்திய அரிசி கொத்துகிறது. ஆனால் அது காட்டுப் பறவையல்ல, நம் வீட்டை நம்பி வாழ்வது. ஓடு போய்க் கொங்கிரீட் வந்தால் கூடு கட்ட இடுக்கில்லை. குஞ்சுக்குத் தீன் புழு பூச்சி. முற்றமெல்லாம் சீமெந்து போட்டால் அதுவுமில்லை. லண்டனில் குருவி வெகுவாகக் குறைந்துவிட்டது. டெல்லி 2012இல் அதை மாநிலப் பறவையாக்கி இப்போது காப்பாற்றப் பார்க்கிறது.

எச்சம் விழும், தொழுகிற இடம் அசுத்தமாகும் என்பது நியாயமான பேச்சு. பள்ளியைக் குருவிக்கு விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. முட்டையிட்டுக் குஞ்சு பறக்க ஏறத்தாழ ஒரு மாதம். அதுவரை பொறுங்கள். பிறகு இடுக்கை அடையுங்கள். வெளியே மண்முட்டி ஒன்று கட்டித் தொங்கவிடுங்கள். நம் மூத்தம்மாமார் செய்ததுதான் இது.

ஒரு தாய்ப்பறவையின் குஞ்சுகளை எடுத்தவர்களிடம், அவற்றைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள். அந்த ஹதீஸை வகுப்பில் சொல்லிக்கொடுத்துவிட்டு, பள்ளிவாசலில் வாய்மூடி நிற்க நமக்கு வெட்கமில்லையா?

ஓஓவுக்காக இனி நாம் அழ மட்டுமே முடியும். குருவிக்கு அழத் தேவையில்லை. நிர்வாகச் சகோதரர்களே, பெயின்ட் வேலை செய்யும் தம்பிமாரே, குஞ்சிருக்கும் மூலையைக் கடைசியாக அடியுங்கள்.