சிவப்புக் குஞ்சுகள் தெரிந்தால் தூண்டிலைச் சுருட்டுங்கள்!

ஐப்பசி, கார்த்திகையில் மழை நன்றாகப் பெய்து மதுரையைச் சுற்றியுள்ள கண்மாய்கள் மறுகால் பாய்ந்துவிட்டால் போதும், அடுத்த ஞாயிற்றுக்கிழமையே கரையெங்கும் தூண்டில்கள் முளைத்துவிடும். மாடக்குளம், நிலையூர், வண்டியூர் என்று எந்தப் பக்கம் போனாலும் ஒரு கையில் மூங்கில் கம்பும் மறு கையில் மண்புழு போட்ட சிரட்டையுமாக நாலு பேராவது நிற்பார்கள்.

இப்போது அந்த வரிசையில் புதிதாக ஒரு கூட்டம் சேர்ந்திருக்கிறது. செல்போனில் வீடியோ பார்த்துவிட்டு, கார்பன் ராடு, ரீல், ரப்பர் தவளை என்று ஆன்லைனில் வாங்கி வருகிற இளைஞர்கள். அவர்களில் சிலருக்கு இன்னும் ஒரு படி மேலே ஆசை. வெளிநாட்டு வீடியோக்களில், காற்றில் கயிறு பாம்பு போல் நெளிந்து போய்த் தண்ணீரில் விழுமே, அந்த ‘ஃப்ளை ஃபிஷிங்’ செய்து பார்க்க வேண்டும் என்று.

ஆசை நல்லதுதான். ஆனால் எந்தத் தண்ணீரில், எந்த மீனுக்கு என்று பார்க்காமல் வாங்கினால் காசுதான் வீணாகும்.

கயிறுதான் கனம்

நம்மூர்த் தூண்டிலில் கனமாக இருப்பது ஈயக்குண்டு. அதை வீசினால் நரம்பு பின்னாலேயே போகும். ஃப்ளை ஃபிஷிங்கில் இது தலைகீழ். முள்ளில் இறகும் நூலும் சுற்றிச் செய்த பொய்ப் பூச்சிக்கு எடையே கிடையாது. அதனால் கயிற்றையே கனமாகச் செய்திருப்பார்கள். கயிற்றை வீசினால் பூச்சி அதன் பின்னால் போய், நிஜப் பூச்சி போலவே மெதுவாகத் தண்ணீரில் உட்காரும்.

இது பழைய கலை. சிவப்புக் கம்பளி நூலும் சேவல் இறகும் சுற்றிய முள்ளால் மாசிடோனியா நாட்டு மக்கள் ஆற்றில் மீன் பிடித்ததை, சுமார் 1,800 ஆண்டுகளுக்கு முன்பே ஏலியன் என்ற ரோமானிய எழுத்தாளர் குறித்து வைத்திருக்கிறார். தமிழ்நாட்டில் இதற்கு உரிய இடம் நீலகிரி. டிரவுட் மீனை அங்கே குடியேற்ற ஆங்கிலேயர்கள் 1860-களிலிருந்தே முயன்று, 1900-களின் தொடக்கத்தில்தான் ஜெயித்தார்கள். அவலாஞ்சியில் அதற்கென்று குஞ்சுப் பொரிப்பகமே உண்டு. 20 டிகிரிக்கு மேல் தண்ணீர் சூடானாலே தவித்துப் போகிற மீன் அது. மதுரை வெயிலில் அதற்கு இடமில்லை.

அதற்காக இந்தக் கலைக்கே இங்கு இடமில்லை என்று அர்த்தமில்லை. சென்னை மாகாணத்தில் அதிகாரியாக இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ், 1873-ல் ‘தி ராட் இன் இந்தியா’ என்ற நூலை எழுதினார். அதோடு நிற்காமல், குளங்களில் தூண்டில் போடுவதைப் பற்றியே 1887-ல் ‘டேங்க் ஆங்கிளிங் இன் இந்தியா’ என்று தனியாக ஒரு புத்தகமும் எழுதினார்.

கண்மாய்க்கு எது சரி?

எந்தத் தண்ணீருக்கு எந்தக் கருவி என்பது நம் கிராமங்களுக்குப் புதிய பாடமல்ல. கோடையில் கண்மாய் வற்றி முழங்கால் அளவு சேற்றுத் தண்ணீர் நிற்கும்போது நடக்கிற மீன்பிடித் திருவிழாவைப் பார்த்தாலே புரியும். ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதும் இறங்குகிற கூட்டத்தின் கையில் தூண்டில் இருக்காது. அடியில்லாத கூடையான ஊத்தாவும் கச்சா வலையும்தான் இருக்கும். கலங்கிய தண்ணீரில் மீனுக்கு இரை தெரியாது; அமுக்கித்தான் பிடிக்க வேண்டும். மதுரைக்குப் பேர் வாங்கிக் கொடுத்த அயிரைக்கும் தூண்டில் உதவாது. தரையோடு கிடக்கிற அந்தப் பொடி மீனுக்கு வலைதான்.

தூண்டிலுக்கு ஏற்றவை கெண்டை, கெளுத்தி, 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஜிலேபி, பிறகு விரால். கெளுத்தி தரையில் மேய்வது, அதற்கு மண்புழு. கெண்டையும் ஜிலேபியும் நடுத் தண்ணீரிலும் மேலேயும் வரும். பொய்ப் பூச்சியையும் கடிக்கும். விரால் மேலே துள்ளுகிற தவளைக்குப் பாயும்.

காசை எதில் போடுவது?

முதல் முறை தூண்டில் பிடிப்பவர்களுக்கு, அது பத்து வயதுப் பிள்ளையோ அறுபது வயது தாத்தாவோ, மூங்கில் கம்பே போதும். எட்டு முதல் பத்து அடிக் கம்பு, அதே நீளத்துக்கு மெல்லிய நரம்பு, சிறிய முள், மயிலிறகுத் தண்டில் ஒரு தக்கை, தக்கையின் நுனி மட்டும் வெளியே தெரிகிற அளவுக்கு ஈயம். அவ்வளவுதான். ஜப்பான் மலை ஓடைகளில் ‘டென்காரா’ என்றொரு முறை உண்டு. அதிலும் ரீல் கிடையாது. கம்பு நுனியில் கட்டிய கயிறும் ஒரு பொய்ப் பூச்சியும்தான். ஆகவே நம் மூங்கில் கம்பின் நுனியிலேயே ஈயத்தையும் தக்கையையும் கழற்றிவிட்டு, கோழி இறகும் தையல் நூலும் சுற்றிய முள்ளைக் கட்டிப் பார்க்கலாம். மாலை வெயில் தாழ்ந்த நேரத்தில் கெண்டை கடிக்கும்.

கை பழகிய பிறகு ரீல் வைத்த ராடு வாங்கலாம். ஆறு அல்லது ஏழு அடி ஃபைபர் கிளாஸ் ராடு அடி, உதை தாங்கும். கார்பன் ராடு எடை குறைவு. ஆனால் மின்சாரத்தைக் கடத்தும். கரையோரம் மின்கம்பி போகிற இடத்திலும் இடி இடிக்கிற நேரத்திலும் அதைத் தூக்கவே கூடாது.

ஃப்ளை ராடுதான் வேண்டும் என்பவர்கள் ஓர் எண்ணைக் கவனிக்க வேண்டும். கயிற்றின் முதல் 30 அடி எவ்வளவு எடை என்பதை அந்த எண் சொல்லும். ராடில் எந்த எண் போட்டிருக்கிறதோ, அதே எண் கயிறுதான் வாங்க வேண்டும். ஒன்பது அடி ராடில் 5 அல்லது 6 கெண்டை, ஜிலேபிக்குப் போதும். தாமரைக் கொடிக்குள்ளிருந்து விராலை இழுக்க 8 வேண்டும். பணம் குறைவாக இருந்தால் கயிற்றுக்குச் செலவழித்துவிட்டு ரீலில் சிக்கனம் பார்க்கலாம். இந்த மீன்களுக்கு ரீல் பெரும்பாலும் கயிறு சுற்றி வைக்கிற பெட்டிதான்.

பழகத் தண்ணீர்கூடத் தேவையில்லை. மைதானத்தில், முள்ளுக்குப் பதிலாகக் கம்பளித் துணுக்கு கட்டிப் பழகலாம். மணிக்கட்டை மடக்காமல் ராடைப் பின்னால் கொண்டுபோய், தலையைத் தாண்டியதும் சட்டென்று நிறுத்த வேண்டும். கயிறு பின்னால் முழுக்க நீளும்வரை பொறுத்து, பிறகு முன்னால் கொண்டுவந்து மறுபடி நிறுத்த வேண்டும். புதியவர்கள் தோற்பது அந்தப் பொறுமையில்தான். பலம் கூடக் கூடக் கயிறு காலடியில்தான் விழும்.

முள்ளின் எதிர்ச்செதிளைக் குறடால் நசுக்கிவிட்டால், மீன் வாயிலிருந்தும் விரலிலிருந்தும் எளிதாக வந்துவிடும். தொப்பியும் கண்ணாடியும் கட்டாயம்; காற்று திரும்பினால் முள் கண்ணைத்தான் தேடும். மண் அள்ளிய குழிகள் தண்ணீருக்கு அடியில் தெரியாது என்பதால், பிள்ளைகள் மட்டுமல்ல, பெரியவர்களும் கரையிலேயே நிற்பது நல்லது. கண்மாய் மீன்பாசி குத்தகைக்கு விடப்பட்டிருந்தால் குத்தகைதாரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வேண்டும். அறுந்த நரம்பைக் கரையில் போடாமல் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். இல்லாவிட்டால் அது கொக்கு, நாரை காலில் சுற்றிக்கொள்ளும்.

விராலின் கோபம்

புது வீடியோக்கள் பெரும்பாலும் சொல்லாமல் விடுகிற விஷயம் ஒன்று உண்டு. மழைக்குப் பிறகு கண்மாய் ஓரத்தில், உலை கொதிப்பது போல் ஓரிடத்தில் மட்டும் தண்ணீர் பொடிப்பொடியாகக் குமிழ்விடும். உற்றுப் பார்த்தால் சிவப்பும் ஆரஞ்சும் கலந்த நிறத்தில் நூற்றுக்கணக்கான குஞ்சுகள். விரால் குஞ்சுகள் அவை. விரால் காற்றைச் சுவாசிக்கிற மீன். அதனால்தான் குஞ்சுகள் கூட்டமாக மேலே வந்து போகின்றன. அவற்றுக்குக் கீழே பெற்றோர் மீன் காவல் இருக்கும்.

அந்த இடத்தில் ரப்பர் தவளையோ இறகுப் பூச்சியோ விழுந்தால் விரால் நிச்சயம் பாயும். பசியில் அல்ல, கோபத்தில். குஞ்சைத் தின்ன வந்த எதிரி என்று நினைத்துத்தான் கடிக்கும். தூண்டில் கலையில் இதைவிடச் சுலபமான பிடி கிடையாது. புதிதாக வந்தவர்கூட அரை மணி நேரத்தில் பெரிய மீனைத் தூக்கி செல்ஃபி எடுத்துவிடலாம்.

ஆனால் அந்த ஒரு மீன் கரையேறியதும் குஞ்சுகளுக்குக் காவல் போய்விடும். கெளுத்தியும் ஜிலேபியும் நாரையும் அவற்றை விட்டுவைக்காது. ஒரு வேளைக் குழம்புக்காக அடுத்த ஆண்டின் விரால்களே போய்விடும். பிடித்துவிட்டுத் திரும்ப விட்டால் போதுமே என்பார்கள் சிலர். மீன் கரையில் துள்ளுகிற அந்தச் சில நிமிடங்களே குஞ்சுகளைப் பொறுக்க மற்ற மீன்களுக்குப் போதும்.

எனவே சிவப்புக் குஞ்சுகள் கண்ணில் பட்டால் அந்த இடத்தில் தூண்டில் வேண்டாம். சில வாரங்களில் குஞ்சுகள் நிறம் மாறி, கூட்டம் கலைந்து, தனித்தனியாக இரை தேடப் போய்விடும். அதுவரை ஐம்பது அடி தள்ளி நின்று ஜிலேபி பிடிக்கலாம். தை, மாசியில் தண்ணீர் தெளிந்த பிறகு, பசியோடு வருகிற விராலை ஏமாற்றிப் பிடிப்பதில்தான் கைத்திறமை தெரியும்.