ஏரிக்கு அடி உண்டா?



ஹென்றி டேவிட் தோரோ என்ற பெயரைக் காந்தியடிகளோடு சேர்த்து நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். அடிமை முறைக்குத் துணைபோன அரசுக்கு வரி கட்ட மறுத்து, 1846 ஜூலையில் ஓர் இரவு சிறையில் இருந்தவர் அவர். இதைப் பற்றி அவர் எழுதி 1849-இல் வெளிவந்த கட்டுரையைக் காந்தியடிகள் பெரிதும் போற்றினார். இதெல்லாம் சரிதான். ஆனால் அவரை அரசியல் சிந்தனையாளர் என்ற பெட்டியில் மட்டும் போட்டு மூடிவிடுவது அறிவியலுக்கு நட்டம் என்பேன்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், கான்கார்டு என்னும் சிற்றூரில் 1817-இல் பிறந்தவர் தோரோ. தந்தை பென்சில் செய்து விற்றார். கிராஃபைட்டுடன் களிமண் சேர்த்துத் தரமான பென்சில் செய்யும் முறையை மகன் அங்கே புகுத்தினார். நில அளவை வேலையும் பார்த்தார்.

1845 ஜூலை 4-ஆம் நாள் வால்டன் ஏரிக்கரையில், ஏறத்தாழ 28 டாலர் செலவில் தாமே கட்டிய குடிலில் குடியேறினார். அந்த ஏரிக்கு அடியே கிடையாது என்று ஊரார் நம்பினார்கள். எத்தனை தலைமுறையாகச் சொல்லி வந்தார்களோ, ஒருவரும் அளந்து பார்க்கவில்லை! 1846-இன் தொடக்கத்தில், ஏரி உறைந்திருந்தபோது, மீன்பிடி நூலில் ஒன்றரை பவுண்டு எடையுள்ள கல்லைக் கட்டி இறக்கினார் தோரோ. கல் தரையைத் தொட்டதா என்பதை எப்படி அறிவது? தரையில் படிந்த கல்லைக் கிளப்பச் சற்றுக் கூடுதலாக இழுக்க வேண்டும். அடியில் நீர் புகுந்ததும் அதுவே தூக்கிக் கொடுக்கும். அந்த வேறுபாடு கைக்குத் தெரிந்துவிடும். இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் அளந்து படம் வரைந்தார். மிக ஆழமான இடம் 102 அடி. ஏரியின் மிகப் பெரிய நீளமும் மிகப் பெரிய அகலமும் வெட்டிக்கொள்ளும் இடத்திலேயே அது இருந்தது. இது எல்லா ஏரிக்கும் பொருந்துமா என்று வேறோர் ஏரியிலும் சோதித்துப் பார்த்தார்.

சுதந்திரச் சிந்தனை என்றால் எல்லாவற்றையும் மறுத்துப் பேசுவது என்று சிலர் எண்ணுகிறார்கள். மறுத்துப் பேச நூலும் வேண்டாம், கல்லும் வேண்டாம், வாய் போதும். தோரோ ஊராரோடு வாதாடவில்லை, பனிமேல் நடந்து போய் அளந்தார்.

அவரைத் துறவியாக்கிப் பூசை செய்யவும் வேண்டாம். குடில் இருந்தது அடர்காட்டில் அன்று. ஊரிலிருந்து ஒன்றரை மைல்தான். வீட்டுக்கு அடிக்கடி போய்வருவார். 1844-இல் அவர் மூட்டிய சமையல் தீ பரவி, சுமார் 300 ஏக்கர் காடு எரிந்துபோனதும் உண்மை. காட்டை நேசித்தவர் கையாலேயே நேர்ந்த விபத்து அது.

1850-களில் எந்தச் செடி எந்த நாளில் முதலில் பூத்தது என்று ஆண்டுதோறும் குறித்து வந்தார். அட்டவணையாகத் தொகுக்கும் வேலை முடியுமுன், 1862-இல், 44 வயதில் காசநோயால் மறைந்தார். அந்தக் குறிப்புகளைப் பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எடுத்து, அதே ஊரின் செடிகளோடு ஒப்பிட்டு 2008-இல் முடிவை வெளியிட்டார்கள். கான்கார்டின் வெப்பநிலை கூடியிருந்தது. செடிகள் தோரோவின் காலத்தைவிடச் சராசரியாக 7 நாள் முந்திப் பூத்துக்கொண்டிருந்தன. அவர் கண்ட செடிவகைகளில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் ஊரிலேயே காணோம்.