ஒரே பாட்டு, ஒரே ஃபைல்... காதுக்கு மட்டும் வேறு மாதிரி கேட்பது ஏன்?

“இந்த காப்பி அவ்வளவு நல்லா இல்ல... ஒரிஜினலை அனுப்பு!” பாட்டு சேர்த்துவைக்கும் பழக்கம் உள்ள எல்லோரும் இந்த வசனத்தை ஒருமுறையாவது கேட்டிருப்பார்கள். பென் டிரைவில் கேட்டால் ஒரு மாதிரி, மெமரி கார்டில் கேட்டால் வேறு மாதிரி என்று சத்தியம் செய்பவர்கள் உண்டு. அதை நம்பி, ‘ஆடியோவுக்கென்றே தயாரித்தது’ என்று விற்கப்படும் யு.எஸ்.பி கேபிளுக்கு ஆயிரக்கணக்கில் செலவழிப்பவர்களும் உண்டு. ஒரே ஃபைலின் இரண்டு காப்பிகள் உண்மையிலேயே வேறு வேறாக ஒலிக்குமா?

கேசட் காலத்தில் ஒலித்தது. ரெக்கார்டிங் சென்டரில் பாட்டுப் பட்டியலை எழுதிக்கொடுத்து, பதிந்து வாங்கிய தலைமுறைக்கு இது நன்றாகத் தெரியும். அந்த கேசட்டிலிருந்து இன்னொன்று, அதிலிருந்து மற்றொன்று எனப் பதியப் பதிய ‘உஸ்’ஸென்ற இரைச்சல் ஏறும், பாட்டின் கூர்மை மழுங்கும். ‘காப்பி என்றால் மட்டம்’ என்ற எண்ணம் அங்கிருந்து வந்ததுதான். அன்று அது சரியும்கூட.

டிஜிட்டல் ஃபைல் அப்படியல்ல. அது வெறும் எண்களின் வரிசை. 1982-ல் விற்பனைக்கு வந்த ஆடியோ சி.டி-யில், ஒரு சேனலுக்கு ஒரு விநாடிக்கு 44,100 எண்கள். காப்பி எடுப்பது என்றால், அந்த எண்களை அப்படியே எழுதிக்கொள்வது. ஒரு போன் நம்பரைப் பேனாவில் எழுதினாலும் பென்சிலில் எழுதினாலும் மணி அடிப்பது ஒரே வீட்டில்தானே? சந்தேகம் இருந்தால் ‘செக்சம்’ பார்க்கலாம். ஃபைலில் உள்ள எல்லா எண்களையும் கணக்கிட்டு கம்ப்யூட்டர் தரும் கைரேகை அது. இரண்டு ஃபைல்களுக்கும் அது ஒன்றாக இருந்தால், ஃபைலும் ஒன்றுதான். (ஆல்பம் அட்டைப் படத்தை மாற்றினாலே கைரேகை மாறிவிடும். பாட்டு மாறாது!)

அப்படியானால், வித்தியாசம் கேட்கிறது என்பவர்கள் பொய் சொல்கிறார்களா? இல்லை. பெரும்பாலும் அவர்களுக்கு நிஜமாகவே கேட்கிறது. ஆனால், அந்த வித்தியாசம் ஃபைலுக்கு வெளியே இருக்கிறது.

ப்ளூடூத் இயர்போன், பாட்டை மறுபடி சுருக்கித்தான் வாங்கிக்கொள்கிறது. சில ஆப்கள் எல்லாப் பாட்டையும் ஒரே சத்த அளவுக்குக் கொண்டுவருகின்றன. போனில் ஈக்வலைசர் ஆன் ஆகியிருக்கலாம். இயர்பட் காதில் சரியாகப் பொருந்தாமல் கொஞ்சம் விலகியிருந்தாலே பேஸ் ஒலி பாதி காணாமல் போகும். இவை எல்லாவற்றையும்விடப் பெரிய ஏமாற்றுக்காரர் வால்யூம்தான். குறைந்த சத்தத்தில் நம் காதுக்கு பேஸ் சரியாக எட்டாது என்பதை 1933-லேயே ஃப்ளெட்சரும் மன்சனும் அளந்து காட்டிவிட்டார்கள். அதனால் வால்யூம் சற்றே கூடினாலும், ‘சத்தம் கூடியிருக்கிறது’ என்று தோன்றாது. ‘குவாலிட்டி கூடியிருக்கிறது’ என்றே தோன்றும்.

இதில் மூளையின் பங்கும் உண்டு. மெக்கர்க், மெக்டொனால்ட் இருவரும் 1976-ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ‘பா’ என்ற ஒலியை, ‘கா’ என்று வாயசைக்கும் வீடியோவோடு சேர்த்துப் போட்டால், பலருக்கு ‘டா’ என்று கேட்கிறது! தந்திரம் தெரிந்த பிறகும் அப்படியே கேட்கிறது. கண்ணே காதை இந்தப் பாடு படுத்தும்போது, ‘இது விலை உயர்ந்த காப்பி’ என்ற நினைப்பு சும்மா இருக்குமா?

ஒன்றாகவே இல்லாத ஃபைல்களைப் பிரித்தறிவதே எவ்வளவு கஷ்டம் தெரியுமா? உயர்தர டிஸ்க்கின் ஒலியையும், அதையே சி.டி தரத்துக்கு இறக்கிய ஒலியையும் எது எதுவென்று சொல்லாமல் போட்டுக்காட்டிய அமெரிக்கச் சோதனை ஒன்றின் முடிவு 2007-ல் வெளியானது. 554 முயற்சிகளில் சரியான விடை கிட்டத்தட்ட பாதி. நாணயம் சுண்டினாலும் அதுதான் வரும். 2016-ல் லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தின் ஜோஷுவா ரைஸ் 18 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது 52.3 சதவிகிதம் வந்தது. பயிற்சி பெற்றவர்கள் இன்னும் கொஞ்சம் மேல். ஆக, கூர்மையான காதுகள் இருக்கின்றன. ஆனால், ஒரே ஃபைலில் பிடிப்பதற்கு அந்தக் காதுகளுக்கும் எதுவும் இல்லை.

காசு கொடுப்பதற்கு முன்பு வீட்டிலேயே சோதிக்கலாம். அதே போன், அதே இயர்போன், அதே வால்யூம். தம்பியோ தங்கையோ திரையைக் காட்டாமல் 10 முறை மாற்றி மாற்றிப் போடட்டும், நீங்கள் சொல்லுங்கள். 9 அல்லது 10 சரியாக வந்தால், இரண்டும் ஒரே ஃபைல்தானா என்று பாருங்கள். யாரோ 128 கே.பி.பி.எஸ் எம்.பி.3-யை ‘லாஸ்லெஸ்’ ஆக மாற்றிப் பெயரை மட்டும் வைத்திருக்கலாம். ஒருமுறை தொலைந்த ஒலி அப்படி மாற்றுவதால் திரும்பி வராது.

தாத்தா பாட்டி குரல் பதிந்த கேசட் பரணில் கிடந்தால், செலவு செய்ய வேண்டிய இடம் அதுதான். நாடா ஆண்டுக்கு ஆண்டு தேய்ந்துகொண்டே இருக்கிறது. நல்ல டெக்கில், ஹெட்டைச் சுத்தம் செய்து, சுருக்காத ‘வேவ்’ ஃபைலாக ஒருமுறை பதிந்துவிடுங்கள். பிறகு அதை வாட்ஸ்அப்பில் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பினால், சித்தப்பா போனுக்குப் போவதும் அத்தை போனுக்குப் போவதும் ஒரிஜினலேதான்.