வாலைத் தூக்கி அளந்த அக்கா

சென்ற ஞாயிற்றுக்கிழமை மணலி புதுநகரில் இருக்கும் என் பெரியம்மா மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். போனது, தைக்கக் கொடுத்திருந்த மூன்று ரவிக்கைகளை வாங்கி வர. திரும்பி வந்ததோ, ஆகாய விமானத்தைப் பற்றி உங்களுக்கு எழுதியே தீருவது என்ற உத்தேசத்தோடு! ரவிக்கைக்கும் விமானத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்.

அக்கா வீட்டிலேயே தையல் மிஷின் போட்டுத் தைப்பவள். அத்தான் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தத்தில் பிட்டர் வேலை பார்க்கிறார். ஒரே பையன், பிளஸ் டூ முடித்திருக்கிறான். விமானப் பொறியியல் படிக்க வேண்டும் என்று அவனுக்கு ஆசை. அத்தானுக்கோ, பையன் சீக்கிரம் சம்பாதிக்கிற படிப்பாகப் படிக்க வேண்டும் என்ற கவலை. இரண்டு பேர் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. நடுவில் நிற்பவள் அக்கா.

நான் உள்ளே நுழைந்தபோது வீட்டில் மழைக்கு முந்திய புழுக்கம் மாதிரி ஒரு மௌனம். மேஜையின் மேல் நான்கடி இறக்கையோடு ஒரு மாதிரி விமானம். மெல்லிய மரப் பலகையிலே பையனே அறுத்து, ஒட்டி, காகிதம் போர்த்திச் செய்தது. முன்னால் இரண்டு சக்கரம், வாலடியில் ஒரு குட்டிச் சக்கரம். அழகாகத்தான் இருந்தது. ஆனால் மூக்கில் இருக்க வேண்டிய விசிறி இரண்டு துண்டாக ஒரு கிண்ணத்தில் கிடந்தது.

“சித்தி, ஓடவே ஆரம்பிக்கலை. அதுக்குள்ள ஒடைஞ்சு போச்சு” என்றான் பையன்.

பெரிய ஆலைகள் சூழ்ந்த இடத்தில் இதையெல்லாம் இஷ்டத்துக்குப் பறக்கவிடக் கூடாது. அதற்கு அரசாங்க விதிகள் உண்டு. பையனும் பறக்கவிடவில்லை. காலையில் தெருவில் தரையோடு தரையாக ஓட்டிப் பார்த்திருக்கிறான். மோட்டாரைத் திருகியதும் விமானம் விர்ரென்று கிளம்பி, வாலைத் தூக்கி, அப்படியே மூக்கைத் தரையில் இடித்துக் கொண்டது. மோட்டாரும் பாட்டரியும் அக்கா ரவிக்கை தைத்துச் சேர்த்த பணம். அத்தான் ஒரே வார்த்தைதான் சொன்னாராம்: “தரையிலயே ஓடத் தெரியாததுக்கு ஆகாயம் எதுக்கு?” சொல்லிவிட்டு ஷிப்டுக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகுதான் அந்த மௌனம்.

“அளந்து பார்த்துத்தான் மாட்டினேன் சித்தி. விசிறி நுனிக்கும் தரைக்கும் நடுவே ஒன்றரை இஞ்சு இருந்தது” என்றான் பையன், அழாத குறையாக.

அக்கா அதுவரை பேசாமல் ஒரு ரவிக்கையின் அக்குளைப் பிரித்துக் கொண்டிருந்தாள். திடீரென்று, “எப்படி வெச்சு அளந்தே?” என்று கேட்டாள்.

“இப்படித்தாம்மா, தரையில நிக்க வெச்சு.”

“அது நிக்கறப்ப. ஓடறப்ப வாலைத் தூக்கிச்சுன்னு சொன்னியே?”

கழுத்தில் தொங்கிய இஞ்சு டேப்போடு எழுந்து வந்தாள். ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து வால் சக்கரத்துக்கு அடியில் வைத்தாள். இன்னொன்று, இன்னொன்று. விமானத்தின் முதுகு தரைக்குச் சமமாக வந்ததும் நிறுத்தினாள். உடைந்த விசிறியின் ஒரு துண்டை மூக்கிலே பொருத்திப் பிடிக்கச் சொல்லி அளந்தாள். அரை அங்குலம் கூட இல்லை!

“கையைத் தொங்கவிட்டுக்கிட்டு நிக்கறவளுக்கு அளவெடுத்தா ரவிக்கை அம்சமாத்தான் இருக்கும். பரண் மேல இருக்கிற டப்பாவை எட்டி எடுத்தா அக்குள்ல கிழியும். இதோ இது மாதிரி” என்று தான் பிரித்துக் கொண்டிருந்த ரவிக்கையைக் காட்டினாள்.

சகோதரிகளே, உண்மையான விமானத்தை வீட்டிலேயே கட்டுகிறவர்களும் சறுக்கும் இடம் இதுதான்.

வீட்டிலேயே விமானமா என்று மலைக்காதீர்கள். நம் ஊரில் அது நூறு வருஷத்துக்கு மேற்பட்ட பழைய சமாசாரம். 1910-ஆம் வருஷம், அன்றைய மதராஸ் மௌண்ட் ரோடில் ஹோட்டல் வைத்து நடத்திய ஜியாகோமோ தாஞ்செலிஸ் என்பவர், தாமே திட்டம் போட்டு, சிம்ப்ஸன் கம்பெனிப் பட்டறையில் ஒரு விமானத்தைக் கட்டச் செய்தார். பல்லாவரத்தில் ஓட்டிப் பார்த்தார். பிறகு தீவுத்திடலில் ஜனங்கள் கட்டணம் கொடுத்து வந்து பார்த்தார்கள். பிரியாணியும் கேக்கும் விற்ற ஊரில் விமானமும் பறந்தது! அமெரிக்காவில் பால் போபெரெஸ்னி என்பவர் 1953-இல் கூட்டிய ஒரு சின்னக் கூட்டம், இன்று உலகமெங்கும் வீட்டு விமானக்காரர்களின் பெரிய சங்கமாக வளர்ந்திருக்கிறது. பக்கத்து இலங்கையில் ரே விஜேவர்தன என்ற பொறியியல் நிபுணர் (1924–2010), இரண்டு சக்கர டிராக்டரை வடிவமைத்தவர், 1968 மெக்ஸிகோ ஒலிம்பிக்கில் பாய்மரப் படகு ஓட்டியவர், சின்னச் சின்ன விமானங்களைத் தாமே கட்டித் தாமே ஓட்டினார்.

இப்படிக் கட்டுகிறவர்களில் பலருக்கு வால் சக்கர விமானம் என்றால் தனிப் பிரியம். மூக்கடியில் சக்கரம் வைப்பதைவிட இது இலேசு, வேலையும் குறைவு. புல் தரையிலும் கரடுமுரடான நிலத்திலும் ஓடும். மூக்கை நிமிர்த்தி உட்கார்ந்திருப்பதால் விசிறி தரையிலிருந்து வெகு உயரத்தில் இருக்கும். கல்லும் மண்ணும் அவ்வளவாக அதை எட்டா. பெங்களூரில் 1958-இல் முதன்முதலாகப் பறந்த ‘புஷ்பக்’ என்ற இரண்டு பேர் விமானம் இந்த ஜாதிதான். எஃகுக் குழாய்ச் சட்டம், மேலே துணி, 90 குதிரைச் சக்தி இன்ஜின். நம் மீனம்பாக்கத்து பிளையிங் கிளப்பிலும் அதில் ஏறி எத்தனையோ பேர் பறக்கக் கற்றார்கள். 1936-இல் புடவையோடு ‘ஜிப்ஸி மாத்’ விமானத்தைத் தனியே ஓட்டிய சரளா தக்ராலை உங்களில் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். அப்போது அவருக்கு வயது 21. அந்த விமானத்தின் வாலில் சக்கரம் கூடக் கிடையாது. தரையில் உரசிக் கொண்டு வரும் ஒரு கட்டைதான். தரையில் போகும்போது நிமிர்ந்த மூக்கு எதிரே இருப்பதை மறைத்துவிடும். அதனால் ஓட்டுகிறவர் பாம்பு போல வளைந்து வளைந்துதான் போக வேண்டும்.

உயரம் என்று மெச்சினோமே, அந்த உயரம்தான் ஏமாற்றுகிறது. பறக்க ஓடும்போது வேகம் பிடித்ததும் முதலில் எழுவது வால். வால் எழுந்தால் மூக்கு இறங்கும். மூக்கோடு விசிறியும் இறங்கும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பயப்படாதீர்கள், சின்னக் கணக்குதான். விசிறி, முன் சக்கரத்துக்கு மூன்றரை அடி முன்னால் இருக்கிறது; விமானம் நிற்கும்போது மூக்கு 12 பாகை நிமிர்ந்திருக்கிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். நிற்கும்போது விசிறி நுனிக்கும் தரைக்கும் சுமார் 17 அங்குலம் இடைவெளி இருந்தால், வால் எழுந்து சமமானதும் மிஞ்சுவது 9 அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. பாதி இடைவெளியை வால் தின்றுவிட்டது!

அமெரிக்க விமான விதிகளில் இதற்கு ஓர் அளவு வெகு காலம் இருந்தது. வால் சக்கர விமானம், பறக்க ஓடும் சமநிலையில், டயர்கள் பாரத்தில் அமுங்கியிருக்கும்போது, விசிறிக்கும் தரைக்கும் குறைந்தது 9 அங்குலம் இருக்க வேண்டும். மூக்குச் சக்கரம் உள்ளதற்கு 7 அங்குலம் போதும். தண்ணீரில் இறங்குவதற்கு 18 அங்குலம். அதோடு, டயர் காற்றிறங்கி, சக்கரக் காலும் முழுக்க அமுங்கினாலும் விசிறி தரையைத் தொடக் கூடாது என்று வேறு ஒரு நிபந்தனை. 2017-இல் அந்த விதிப் புத்தகத்தையே மாற்றி எழுதிவிட்டார்கள். வீட்டில் கட்டுகிறவர்களை அந்த விதி எப்போதும் கட்டாயப்படுத்தியதும் இல்லை. ஆனாலும் நிதானமுள்ளவர்கள் இன்றும் அந்த 9 அங்குலத்தை விடுவதில்லை.

வால் சக்கரத்துக்கு மட்டும் ஏன் இரண்டு அங்குலம் அதிகம்? மூக்குச் சக்கரம் இருந்தால் மூக்கு ஓர் எல்லைக்கு மேல் தாழ முடியாது, சக்கரம் தாங்கிவிடும். வால் சக்கர விமானத்தில் தாங்க எதுவும் இல்லை. வாலைக் கொஞ்சம் அதிகமாகத் தூக்கினாலோ, பிரேக்கை அழுத்தி மிதித்தாலோ, சக்கரம் ஒரு பள்ளத்தில் விழுந்தாலோ மூக்கு கவிழும். நாம் போட்ட கணக்கிலே, சமநிலைக்குக் கீழே ஒவ்வொரு பாகைக்கும் முக்கால் அங்குலம் போய்விடுகிறது.

பட்டால் என்ன ஆகும்? மர விசிறியானால் சிம்பு சிம்பாகத் தெறிக்கும். உலோகமானால் வளையும்; ஓடுகிற இன்ஜின் சடாரென்று நிற்கும் அதிர்ச்சி உள்ளே முக்கியத் தண்டு வரை பாயும். வெளியே பார்க்க ஒன்றும் தெரியாது. அதனாலேயே, விசிறி தரையில் இடித்தால் இன்ஜினையே பிரித்துச் சோதிக்கச் சொல்கிறார்கள். விசிறியை மட்டும் மாற்றிவிட்டுப் பறப்பவன், எந்த நிமிஷம் முறியும் என்று தெரியாத ஒன்றை முன்னால் வைத்துக் கொண்டு பறக்கிறான்.

முதலில் திட்டம் போட்டவர் தப்புச் செய்வது அபூர்வம். பின்னால் மாற்றுகிறவர்தான் செய்வார். இன்னும் கொஞ்சம் இழுக்கட்டுமே என்று நீளமான விசிறி. அழகாக இருக்கட்டுமே என்று சின்னச் சக்கரம். ஆறு அடி விசிறியில் பாதி 36 அங்குலம். அதோடு 9 சேர்த்தால் அதன் மையம் 45 அங்குல உயரத்தில் இருக்க வேண்டும். விசிறியை நாலு அங்குலம் நீட்டினால் இடைவெளியில் இரண்டு அங்குலம் போச்சு. நம் பையன் செய்ததும் இதேதான். வரைபடத்தில் போட்டிருந்தது 10 அங்குல விசிறி. கடையில் அது இல்லை. பெரிசாக இருந்தால் நல்லதுதானே என்று 11 அங்குலம் வாங்கி வந்துவிட்டான்.

சரி, பரிகாரம்? காலை உயர்த்தலாம்; கனம் கூடும், கால் பலவீனமாகலாம். பெரிய டயர் போடலாம். விசிறியைக் குட்டையாக்கலாம், இழுப்பு குறையும். ஒன்றைக் கொடுத்துத்தான் ஒன்றை வாங்க முடிகிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்து ‘கோர்ஸேர்’ என்ற அமெரிக்கச் சண்டை விமானத்துக்கு விசிறி 13 அடி 4 அங்குலம். அதில் பாதியே ஓர் ஆள் உயரத்துக்கு மேல்! கப்பல் தளத்தில் தடாலென்று இறங்க வேண்டிய விமானத்துக்குக் கொக்குக் கால் வைத்தால் ஒடிந்து போகும். என்ன செய்தார்கள் தெரியுமா? இறக்கையையே கீழ்நோக்கி வளைத்து, வளைவின் அடியில் குட்டையான, பலமான கால்களை வைத்துவிட்டார்கள். அந்த விமானத்தின் படத்தைப் பார்க்க நேர்ந்தால் அதன் விசித்திரமான வளைவைக் கவனியுங்கள்; விசிறிக்கு இடம் விடத்தான் அது.

மணலிக்குத் திரும்புவோம். பையன் ஒரு யோசனை சொன்னான்: இதே மாதிரி இன்னொரு விசிறி வாங்கி, நுனிகளை பிளேடால் சீவிவிட்டால்? வேண்டவே வேண்டாம் என்றேன். இரண்டு பக்கமும் இம்மி பிசகாமல் சமமாக இல்லாவிட்டால் சுழலும்போது உதறும். துண்டு பறந்து வந்து யார் கண்ணிலாவது படும். (வீட்டில் இந்தப் பொழுதுபோக்கு உள்ள தாய்மார்களே, அளக்கும்போதும் துடைக்கும்போதும் பாட்டரியைக் கழற்றி வைக்கச் சொல்லுங்கள். விரல் போனால் வராது.)

நாங்கள் பேசிக் கொண்டிருக்கும்போதே அத்தான் வேலை முடிந்து வந்துவிட்டார். யாரும் பேசவில்லை. செருப்பைக் கழற்றினார். மேஜையைப் பார்த்தார். வாலுக்கு அடியில் அடுக்கியிருந்த நோட்டுப் புத்தகங்களையும், அக்கா கையிலிருந்த டேப்பையும் பார்த்தார். குனிந்து, ஒரு கண்ணை மூடிக் கொண்டு, மூக்கடியில் உள்ள இடைவெளியை நோட்டம் விட்டார்.

“பத்து இஞ்சு விசிறியே போடு” என்றார் பையனைப் பார்த்து. “அதோட சக்கரக் காலையும் ஒரு இஞ்சு உசத்தணும். இந்தக் கம்பி ஆகாது, வளைஞ்சுடும். நாளைக்கு நல்ல கம்பியாப் பார்க்கறேன்.”

சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டார். அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு டேப்பைக் கழுத்தில் போட்டுக் கொண்டு, “நீ எழுந்து நில்லுடி. கையை மேல தூக்கு, பார்க்கலாம்” என்றாள், என் ரவிக்கையை எடுத்துக் கொண்டு.