இலக்கம் மட்டும் இடமாகுமா?

எண்ணெய்க் கிணறு எங்கே, எரிவாயுக் குழாய் எங்கே என்று கேட்டால், கம்பனிக்காரர் அகலக்கோடு, நெடுங்கோடு என இரண்டு இலக்கங்களை நீட்டுகின்றனர். செய்மதி காட்டிய இலக்கம் பிழைக்குமோ என்றும் வினவுகின்றனர். பிழைக்கும். எந்த எல்லைக்கல்லிலிருந்து அளந்தது என்று எழுதாத காணி உறுதியை நம் கமக்காரர் எவரேனும் ஏற்பாரா? பூமியின் உருவத்தை எவ்வாறு கணக்கிட்டு, எங்கே தொடங்கி அளந்தனர் என்னும் அளவை அடிப்படை மாறினால், அதே இலக்கம் வேறோர் இடத்தைக் காட்டும். ஐக்கிய அமெரிக்காவின் 1927ஆம் ஆண்டு அடிப்படைக்கும் 1983ஆம் ஆண்டு அடிப்படைக்கும் இடையே, பெருநிலப்பரப்பில் 10 முதல் 100 மீற்றர் வரை வேறுபாடு உண்டு.

இதன் விளைவு யாது? 1980 நவம்பர் 20ஆம் நாள், லூசியானா மாநிலத்துப் பென்யூர் ஏரியில் ரெக்சாக்கோ கம்பனிக்காக எண்ணெய் தேடித் துளைத்த 14 அங்குலத் துளை, அடியிலிருந்த உப்புச் சுரங்கத்தினுட் புகுந்தது. ஏரி முழுவதும் அதனுள் வடிந்தது. துளைமேடையும் 11 சரக்குத் தெப்பங்களும் அமிழ்ந்தன. கடல் நோக்கி ஓடிய வாய்க்கால் திரும்பி ஏரிக்குட் பாய்ந்தது! சுரங்கத்திலிருந்த ஏறத்தாழ 50 தொழிலாளரும் உயிர் தப்பினர். அது அவர்தம் பயிற்சியின் பயன், கம்பனியின் புண்ணியமன்று. இடங்குறித்த இலக்கங்களை ஒரு முறையிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றியதில் நேர்ந்த குழப்பமே காரணம் எனப் பலர் கருதினர். சான்றுகளோ நீருடன் போயின.

அக்காலத்திற் செய்மதி வழிகாட்டல் இன்றுபோற் பரவலாக இல்லை என்பர். உண்மை. ஆயினும் செய்மதி வந்ததனாற் பழைய படங்கள் அழிந்துவிடவில்லை. துல்லியமான புது இலக்கத்தைப் பழைய படத்தில் இட்டால், பிழை துல்லியமாகவே விழும். கம்பனிகள் இதனை நன்கறியும். ஐரோப்பிய எண்ணெய் நிறுவனங்களின் அளவையாளர் 1980களிலேயே கூடி, ஒவ்வோர் அடிப்படைக்கும் ஒரு குறியெண் வழங்கத் தலைப்பட்டனர்; செய்மதி அடிப்படையின் எண் 4326. அதனை எழுதப் பேனாவின் ஒரு கீறு போதும். எழுதுமாறு கட்டளையிட வேண்டியவர் அரசாங்கத்தாரே.

மன்னார்க் கடலில் 2011இல் இரு கிணறுகளில் எரிவாயு காணப்பட்டது. நமது நில அளவைப் படங்கள் எவரெஸ்ட் உருவக் கணக்கின்மீது எழுந்தவை. செய்மதி அடிப்படைக்கும் அவற்றிற்கும் நூறு மீற்றருக்கு மேல் வேறுபாடு உண்டு. இனி அங்கு வழங்கும் ஒவ்வோர் அனுமதிப் பத்திரத்திலும் அளவை அடிப்படையும், ஏற்கத்தகும் பிழையின் எல்லையும் எழுதப்படல் வேண்டும். அந்தப் படத்தின் பிரதியொன்று, அக்கடலில் வலைவீசும் மீனவர் சங்கங்களின் கையிலும் இருத்தல் வேண்டும்.