சாந்தி யாரையும் ஏமாத்தலை

1/ சாந்தி சௌந்தரராஜன் பேரைச் சொன்னாலே இன்னைக்கும் சிலர் விடுற பெருமூச்சு இது: "பாவம்ங்க... ஆனா நம்மளை ஏமாத்திட்டாங்களே." ஒரு டாக்டரா சொல்றேன், அந்த வாக்கியத்தோட பின்பாதி பொய். கொஞ்சம் நீளமான த்ரெட், பொறுமையா படிங்க.

2/ புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சி. செங்கல் சூளைத் தொழிலாளர்களின் மகள். 2006 டிசம்பர், தோஹா ஆசிய விளையாட்டு, 800 மீட்டரில் வெள்ளி. தமிழ்நாடே கொண்டாடியது. அடுத்த சில நாள்லயே "பாலினப் பரிசோதனையில் தேறவில்லை" என்று பதக்கத்தைப் பறித்தார்கள்.

3/ ரசிகனுக்கு ஏமாற்றம் வரும், தப்பில்லை. ஆனா ஏமாற்றம் வேற, ஏமாத்துறது வேற. ஊக்கமருந்து போடுறது ஏமாத்துறது. சாந்தி செஞ்சது என்ன? பிறந்த உடம்போட ஓடினார். அவ்வளவுதான். மருந்து போட்டு மாட்டினவருக்குக்கூட தடைக்காலம் முடிஞ்சா திரும்பி வர வழி உண்டு. இவருக்கு அதுவும் இல்லை.

4/ கருவில் பாலினம் உருவாவது ஒரே ஸ்விட்ச் இல்லை. குரோமோசோம், மரபணு, ஹார்மோன், அந்த ஹார்மோனை உடம்பு ஏத்துக்கிறது என்று பல படிகள். ஏதோ ஒரு படி மாறினால், பெண்ணாகவே பிறந்து வளர்ந்தவருக்கு உள்ளே ஒய் குரோமோசோம் இருக்கலாம். அவருக்கே தெரியாது.

5/ "அப்போ சாந்திக்கு என்னதான் இருந்துச்சு?" இதைத்தான் கேக்கக் கூடாதுங்கிறேன். அது அவருக்கும் அவரோட டாக்டருக்கும் இடையில இருக்க வேண்டிய விஷயம். நாடு முழுக்க செய்தியா ஓடியதே, அதுதான் குற்றம்.

6/ "மத்த வீராங்கனைகளுக்கு நியாயம் வேண்டாமா?" வேணும். நியாயமான கேள்வி. யார் எந்தப் பிரிவில் ஓடலாம்னு விதி வைக்கட்டும், விவாதிக்கட்டும். ஆனா தகுதியை முடிவு பண்றதுக்கும் ஒரு பெண்ணோட உடம்பை ஊருக்கே விரிச்சுக் காட்டுறதுக்கும் என்ன சம்பந்தம்?

7/ இது தெரியாமல் நடந்ததும் இல்லை. ஸ்பெயினின் மரியா ஹோசே மார்டினெஸ் பட்டினோ 1985-ல் இதே மாதிரிப் பரிசோதனையில் சிக்கினார். செய்தி கசிந்தது, சாதனைகள் அழிக்கப்பட்டன, உதவித்தொகை போனது. டெஸ்டோஸ்டிரோன் அவர் உடம்பில் வேலையே செய்யாதுன்னு வாதாடி, 1988-ல் உரிமையை மீட்டார். தோஹாவுக்கு 18 வருஷம் முன்னாடி!

8/ பழவேற்காடு பக்கம் வாங்க. கூனங்குப்பம், வைரவன்குப்பம், லைட்ஹவுஸ் குப்பம் மாதிரி ஊர்கள்ல ஒரு பொண்ணு ஆஸ்பத்திரி படி ஏறினாலே, சாயங்காலத்துக்குள்ள வலை பின்னுற இடம் வரைக்கும் சேதி போயிடும். "பொண்ணுக்கு பதினாறு ஆச்சு, இன்னும் வயசுக்கு வரலை டாக்டர்"னு ஒரு அம்மா வந்தா, கூட வந்த சொந்தக்காரங்களை வெளியே அனுப்பி, கதவைச் சாத்திட்டுத்தான் பேசணும். ஒரு சாதாரண ஓ.பி.யில் காக்க வேண்டிய இந்த ரகசியத்தை, ஒரு கண்டத்தோட விளையாட்டு அமைப்புகளால காக்க முடியலையா?

9/ இது பழைய கதை இல்லை. 2025 செப்டம்பர் 1 முதல், உலகத் தடகளப் போட்டிகளில் பெண்கள் பிரிவில் ஓட எஸ்.ஆர்.ஒய். மரபணுப் பரிசோதனை கட்டாயம். கன்னத்தின் உள்பக்கம் ஒரு பஞ்சுக்குச்சி, இல்லைன்னா கொஞ்சம் ரத்தம். நாளைக்கு இந்தக் கடற்கரை மணல்ல ஓடிப் பழகுற ஒரு பொண்ணு அங்கே போகலாம். அவளுக்கு யார் பதில் சொல்வது?

10/ பரிசோதனைக்கு முன்னாடி அவள் மொழியில் விளக்கம். முடிவு அவள் கையில் மட்டும். கசியவிட்டவருக்குத் தண்டனை. ஓட முடியாமல் போனாலும் படிப்பும் வேலையும் உறுதி. குழந்தைகளுக்குத் தேவையில்லாத பாலின அறுவை சிகிச்சையை 2019-ல் தடை செய்த மாநிலம் இது. இதையும் நம்மால் செய்ய முடியும்.

11/ பதக்கம் போன பிறகு சாந்தி உயிரை மாய்த்துக்கொள்ளப் பார்த்தார். 2012-ல் செங்கல் சூளையில் தினக்கூலி. அதிலிருந்து எழுந்து, படித்து, பயிற்சியாளர் ஆனார். இன்னமும் அவர் உங்களை ஏமாத்தினதாத் தோணினா, இன்னொரு தடவை 3-ஆவது பதிவைப் படிங்க. கோபத்தை அந்த ரிப்போர்ட்டை வெளியே விட்டவங்க மேல காட்டுங்க.